காற்றைத் திருத்திய கணக்கு: இந்திய நில அளவை வரலாற்றில் வளிமண்டல ஒளிவிலகல்

முன்னுரை

நில அளவை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கருவிகளைப் பற்றியும் அவற்றைச் சுமந்து சென்ற மனிதர்களைப் பற்றியுமே எழுதியுள்ளனர். கருவிக்கும் இலக்குக்கும் இடையிலுள்ள காற்று அவ்வரலாற்றில் குறைவான இடத்தையே பெற்றுள்ளது. ஆயினும் தொலைவிலுள்ள ஒரு மலையின் உயரத்தையோ இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையோ அளக்கும்போது நேரும் பிழையின் பெரும்பகுதி கருவியால் விளைவதன்று. ஒளி கடந்துவரும் காற்றால் விளைவதாகும். அக்காற்றின் விளைவைக் கணக்கிட்டு நீக்கும் முயற்சி இந்தியாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது.

1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கிய முக்கோண அளவையிலிருந்து, 2020-இல் எவரெஸ்டுச் சிகரத்தின் புதிய உயரம் அறிவிக்கப்பட்டது வரையிலான காலத்தில் இத்திருத்தம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உயரம் என்று ஏடுகளில் பதிவாகும் எண் நேரடியாகக் காணப்பட்ட ஒன்றன்று, காற்றைப் பற்றிய ஒரு மதிப்பீட்டின் துணையோடு பெறப்பட்டது என்பதும், அம்மதிப்பீட்டைச் செய்தோரின் உழைப்பு வரலாற்றில் எளிதில் மறைந்துபோகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

ஒளிவிலகலின் இயல்பு

காற்றின் அடர்த்தி தரைக்கு அருகில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கிறது. அடர்த்தி மாறும் ஊடகத்தில் செல்லும் ஒளிக்கதிர் அடர்த்தி மிகுந்த பக்கம் நோக்கி வளையும். எனவே தொலைவிலுள்ள மலையுச்சியிலிருந்து வரும் கதிர் வில்போல் மேல்நோக்கிக் குவிந்த பாதையில் வந்து கண்ணை அடைகிறது. காண்பவர் அக்கதிரின் கடைசித் திசையை மட்டுமே அறிவார். ஆகவே உச்சி உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டிலும் சற்று உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். இதுவே நிலவியல் அளவையில் ஒளிவிலகல் தரும் முதன்மையான பிழை ஆகும்.

வளைவின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று: காற்றின் அழுத்தம், வெப்பநிலை, உயரத்திற்கு ஏற்ப வெப்பநிலை மாறும் வீதம். இவற்றுள் மூன்றாவதே மிகவும் நிலையற்றது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் உயரத்திற்கு 6 அல்லது 7 செல்சியசு பாகை அளவில் வெப்பநிலை குறைகிறது. அது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 34 பாகை என்னும் வீதத்தில் குறையுமானால் காற்றின் அடர்த்தி உயரத்தோடு மாறாது. கதிர் வளையாமல் நேராகச் செல்லும். வெயிலில் கொதிக்கும் தரைக்கு அருகே வெப்பநிலை அதனினும் விரைவாகக் குறைவதுண்டு. அப்போது கதிர் எதிர்த் திசையில் வளைந்து, வானத்தின் ஒளி தரையில் நீர்ப்பரப்புப் போலத் தோன்றும். பழந்தமிழ்ப் பாலைத்திணைப் பாடல்களில் பேய்த்தேர் எனவும் வெண்தேர் எனவும் சுட்டப்படுவது இத்தோற்றமே ஆகும். இரவில் தரை குளிர்ந்து, மேலுள்ள காற்று அதனினும் வெப்பமாக இருக்கும் வேளையில் வளைவு வழக்கத்தைவிட மிகும். அப்போது தொடுவானத்திற்குக் கீழே மறைந்திருக்கும் பொருள்களும் மேலெழுந்து கண்ணுக்குப் புலப்படும்.

நில அளவையாளர் இவ்வளைவை ஒரே எண்ணால் குறிப்பர். அளக்கும் இடமும் இலக்கும் புவியின் மையத்தில் தாங்கும் கோணத்தில் எத்தனை பங்கு ஒளிவிலகலாக அமைகிறது என்பதே இந்திய அளவையில் ஒளிவிலகல் கெழு எனப்பட்டது. அதன் மதிப்பு சமவெளியில் பகற்பொழுதில் பெரும்பாலும் 0.07 என்பதை ஒட்டி அமையும். ஐரோப்பிய வழக்கில் புவியின் ஆரத்திற்கும் கதிர்வளைவின் ஆரத்திற்கும் உள்ள விகிதமே கெழு எனப்படுவதால், அங்கு இதே அளவு 0.14 என எழுதப்படும். இவ்விரு வழக்குகளையும் வேறுபடுத்திக் கொள்ளாவிடில் பழைய அறிக்கைகளைப் படிப்போர் குழப்பம் அடைய நேரும்.

பரங்கிமலை அடிக்கோடும் லாம்டனும்

பின்னாளில் இந்தியப் பெரு முக்கோண அளவை எனப் பெயர்பெற்ற பணியை வில்லியம் லாம்டன் தொடங்கிவைத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கும் பணி தொடங்கி, மே 22 அன்று நிறைவுற்றது. ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அக்கோடு 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்டது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அதன் பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தம் செய்தனர். அளவுகோலின் வெப்பநிலையை அறியாமல் அளவை நம்பக்கூடாது என்னும் நெறி இவ்வாறு முதல் நாளிலேயே நிலைபெற்றது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒளியே அளவுகோலாக மாறியபோது இதே நெறி வேறொரு வடிவில் மீண்டும் தேவைப்பட்டது.

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் விரிந்தன. கோணங்களை அளக்க இலண்டனைச் சேர்ந்த கேரி என்பாரின் பட்டறையில் செய்யப்பட்ட, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் பயன்பட்டது. மலைகள் நிறைந்த பகுதிகளில் குன்றுச்சிகள் நிலையங்களாயின. காவிரிப் படுகை போன்ற சமவெளியில் கதிர் தரையை உரசிச் செல்லாதிருக்கக் கோயில் கோபுரங்களே உயரமான இடங்களாக உதவின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றப்படுகையில் கயிறு அறுந்து, தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்திற்குள் இருந்தபடியே சில வாரங்களில் அதனைச் சீர்செய்தார். கருவியின் குறையைக் கைத்திறனால் சீர்செய்ய இயன்றது; காற்றின் மாறுபாட்டுக்கு அத்தகைய தீர்வு இல்லை.

லாம்டனின் அளவை நிலைப்படம் வரைவதோடு நிற்கவில்லை. புவியின் வடிவத்தை அறிவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. எனவே நிலையங்களின் உயரமும் தேவைப்பட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து மங்களூர்க் கடற்கரை வரை முக்கோணத் தொடர் அமைக்கப்பட்டபோது, செங்குத்துக் கோணங்களின் வழியே ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை உயரங்கள் கொண்டுசெல்லப்பட்டன. இப்பணியில் ஒவ்வொரு கோணத்திலும் ஒளிவிலகலை நீக்க வேண்டியிருந்தது. அதன் அளவு இடத்திற்கு இடமும் வேளைக்கு வேளையும் மாறுவதை லாம்டனின் குழு தன் களப்பணியிலேயே எதிர்கொண்டது.

எதிரெதிர் நோக்கல்

இச்சிக்கலுக்கு நில அளவையாளர் கண்ட சிறந்த வழி எதிரெதிர் நோக்கல் ஆகும். முதல் நிலையத்திலிருந்து இரண்டாம் நிலையத்தையும், இரண்டாம் நிலையத்திலிருந்து முதல் நிலையத்தையும் ஒரே வேளையில் நோக்கினால் கதிர் ஏறக்குறைய ஒரே பாதையில் செல்கிறது. இரு முனைகளிலும் ஒளிவிலகல் சமமாக இருப்பதாகக் கொண்டால், இரு கோணங்களின் வேறுபாட்டில் அது தானாகவே நீங்கிவிடும். அவ்விரு கோணங்களையும் கூட்டிப் பார்த்தால் ஒளிவிலகலின் அளவே வெளிப்படும். ஆகவே ஒரே நோக்கலிலிருந்து உயர வேறுபாடும் கெழுவும் கிடைத்தன. காற்றைப் பற்றி முன்கூட்டியே எதுவும் அறியாமல் காற்றின் விளைவை நீக்கும் நுட்பம் இது.

எனினும் இம்முறைக்கு இரு வரம்புகள் இருந்தன. ஒன்று, இரு முனைகளிலும் ஆளும் கருவியும் இருக்க வேண்டும். மற்றொன்று, இரு முனைகளின் காற்றும் ஒத்த தன்மை உடையதாக இருக்க வேண்டும். குன்றுக்குக் குன்று நோக்கும்போது இவை பொருந்தின. சமவெளியிலிருந்து பனிமலையை நோக்கும்போது இரண்டுமே பொருந்தவில்லை.

இரவு விளக்குகள்

1823-இல் லாம்டன் மறைந்தபின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் ஒளிவிலகலைப் பிழையாகக் கருதியதோடு நில்லாமல் அதனைப் பயன்படுத்தவும் செய்தார். பகலில் வெப்பத்தாலும் புழுதியாலும் தொலைவிலுள்ள கொடிகள் நடுங்கியும் மங்கியும் தெரிந்தன. இரவிலோ தரைக்காற்று குளிர்ந்து நிலைபெற்றது; மிகுந்த ஒளிவிலகலால், பகலில் மறைந்திருந்த நிலையங்களும் மேலெழுந்து தெரிந்தன. இதனைக் கண்ட எவரெஸ்ட் நிலையங்களில் விளக்குகளையும் நீலச்சுடர்களையும் ஏற்றி இரவில் கோணம் அளக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தினார். பகலில் கதிரவன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் காட்டும் கருவிகளும் பயன்பட்டன. தொலைவிலுள்ள குன்றுகளிலும் கோபுரங்களிலும் தங்கி, குறித்த நேரத்தில் விளக்கேற்றிக் காத்திருந்தோர் கலாசிகள் எனப்பட்ட இந்தியப் பணியாளர்களே.

ஆயினும் ஒரு கோணத்திற்கு உதவிய இரவு மற்றொரு கோணத்திற்கு உதவவில்லை. கிடைக்கோணம் ஒளிவிலகலால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. கதிர் ஒரு சரிவை உரசிச் செல்லும்போது மட்டுமே பக்கவாட்டில் வளைகிறது. செங்குத்துக் கோணமோ இரவில் பெரிதும் பிறழும். ஆகவே கிடைக்கோணங்களை இரவிலும் செங்குத்துக் கோணங்களை நண்பகலுக்குப் பிந்தைய சில மணி நேரத்திலும் அளக்கும் மரபு உருவாயிற்று. நண்பகலில் காற்று கலங்கி உருவம் நடுங்கினாலும் ஒளிவிலகல் அப்போதுதான் குறைவாகவும் ஓரளவு நிலையாகவும் இருக்கும். தெளிவாகத் தெரியும் வேளை வேறு, சரியாக அளக்கும் வேளை வேறு என்பதை இந்தியக் களப்பணி இவ்வாறு உணர்த்தியது.

கங்கைச் சமவெளியை அடைந்தபோது கதிர் தரையை ஒட்டிச் செல்வதைத் தவிர்க்கக் கற்கோபுரங்கள் கட்டப்பட்டன. வழியிலிருந்த மரங்கள் வெட்டப்பட்டன. சில இடங்களில் வீடுகளும் அகற்றப்பட்டன. தரையோரக் காற்றின் ஒழுங்கின்மைக்கு ஈடாகச் செலுத்தப்பட்ட விலையில் ஒரு பகுதியைச் சமவெளி மக்களும் ஏற்றனர் என்பது கருதத்தக்கது.

சிகரம் 15

எவரெஸ்டுக்குப் பின் 1843-இல் ஆண்ட்ரூ வா தலைமை நில அளவையாளரானார். அவருடைய காலத்தில் இமயத்தின் பனிச்சிகரங்கள் சமவெளியிலிருந்து நோக்கப்பட்டன. நேபாளத்திற்குள் நுழைய அனுமதி இல்லாமையால் நூறு மைலுக்கு அப்பாலிருந்தே நோக்க வேண்டியிருந்தது. 1849–50-இல் ஜேம்ஸ் நிக்கல்சன் ஜிரோல், மிர்சாபூர், ஜாஞ்சிபதி, லத்னியா, ஹர்பூர், மினாய் ஆகிய ஆறு நிலையங்களிலிருந்து, பின்னர்ச் சிகரம் 15 என எண்ணிடப்பட்ட மலையை நோக்கினார். தொலைவு 108 முதல் 119 மைல் வரை இருந்தது.

இத்தொலைவில் ஒளிவிலகலின் பங்கு என்ன என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 110 மைல், அதாவது 177 கிலோமீட்டர், தொலைவில் புவியின் வளைவால் மட்டும் சிகரம் ஏறக்குறைய 2,460 மீட்டர் தாழ்ந்து தெரியும். எஞ்சிய பகுதி தொடுவானத்திற்கு மேல் 2 பாகையைவிடச் சற்றே கூடுதலான கோணத்தில் தோன்றும். கெழு 0.07 எனக் கொண்டால், அக்கோணத்தில் 6 அல்லது 7 கலை ஒளிவிலகலால் வந்தது. உயரத்தில் அது ஏறக்குறைய 340 மீட்டர், அதாவது 1,100 அடிக்கு மேல் ஆகும். கெழுவில் 0.01 மாறினால் உயரம் ஏறக்குறைய 160 அடி மாறிவிடும்.

நிக்கல்சனின் நோக்கல்களிலிருந்து ஒளிவிலகலை நீக்காமல் பெறப்பட்ட சராசரி உயரம் 30,200 அடி அளவில் இருந்தது. திருத்தத்திற்குப் பின் ஆறு நிலையங்களும் முறையே 28,991.6, 29,005.3, 29,001.8, 28,998.6, 29,026.1, 28,990.4 அடி எனும் மதிப்புகளைத் தந்தன. இவற்றின் சராசரி 29,002 அடி. 1856-இல் வா இவ்வெண்ணை அறிவித்தார். சராசரி சரியாக 29,000 அடி என வந்ததாகவும், முழு எண்ணைக் கண்டு தோராயக் கணக்கு என எவரும் கருதிவிடாதிருக்க 2 அடி சேர்க்கப்பட்டதாகவும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. மேற்காட்டிய ஆறு எண்களையும் கூட்டி வகுத்துப் பார்ப்போர்க்கு அக்கதை அடிப்படையற்றது என்பது விளங்கும்.

இவ்வெண்களில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. ஆறு மதிப்புகளுக்கும் இடையிலுள்ள பெரும வேறுபாடு 36 அடிக்கும் குறைவு. இந்நெருக்கத்தைக் கண்டு உயரம் அந்த அளவுக்குத் துல்லியமாக அறியப்பட்டதாகக் கருதிவிடக்கூடாது. ஆறு நிலையங்களும் ஒத்த சமவெளியில், ஒத்த தொலைவில் இருந்தன. ஒளிவிலகலைப் பற்றிய மதிப்பீடு தவறாக இருந்திருந்தால் ஆறும் சேர்ந்தே உயர்ந்திருக்கும் அல்லது சேர்ந்தே தாழ்ந்திருக்கும். சிகரத்தில் ஆள் இல்லாமையால் எதிரெதிர் நோக்கல் இயலவில்லை. சமவெளி நிலையங்களுக்கு இடையே கண்டறிந்த காற்றின் இயல்பை, பாதிக்கு மேல் உயர்ந்த மெல்லிய காற்றினூடே வரும் கதிருக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. நோக்கல்களின் ஒற்றுமை வேறு, முடிவின் உண்மை வேறு என்பதற்கு இது தெளிவான சான்று.

கணக்கர் இராதாநாத் சிக்தார்

திருத்தம் களத்தில் செய்யப்படுவதில்லை. கணக்கு அலுவலகத்தில் செய்யப்படுகிறது. அவ்வலுவலகத்தின் முதன்மையான இந்தியர் இராதாநாத் சிக்தார். 1813-இல் கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் பிறந்து, இந்துக் கல்லூரியில் பயின்ற அவர் 1831-இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்கராகச் சேர்ந்தார். எவரெஸ்ட் அவருடைய கணிதத் திறனைப் பெரிதும் மதித்தார். 1849-இல் சிக்தார் தலைமைக் கணக்கராகக் கல்கத்தா சென்றார். நூறு மைலுக்கு அப்பாலுள்ள பனிச்சிகரங்களின் இருப்பையும் உயரத்தையும் கணக்கிடும் முறைகளை வகுப்பதில் அவருக்குப் பங்கு இருந்தது.

உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறிக்கொண்டு அவர் வாவின் அறைக்குள் ஓடிவந்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. அக்காலத்தில் வா தேராதூனிலும் சிக்தார் கல்கத்தாவிலும் பணியாற்றினர். மேலும் இறுதி எண் ஒரு நாளில் ஒருவரால் கண்டறியப்பட்டதன்று. தேராதூனில் மைக்கேல் ஹென்னஸி முதலிய பலரும் பங்குகொண்ட, பல ஆண்டுகள் நீண்ட கணக்கின் விளைவு. கதையை ஏற்கவியலாது என்பதால் சிக்தாரின் பெருமை குறைந்துவிடாது. அவருடைய பணியின் இயல்பை அக்கதை தவறாகக் காட்டுகிறது என்பதே குறை.

அவ்வியல்பை அவருடைய மற்றொரு பணி நன்கு காட்டும். 1852 முதல் கல்கத்தா வானிலை ஆய்வகத்தின் பொறுப்பையும் அவர் ஏற்றார். வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுக்கப்பட்ட காற்றழுத்தமானி அளவுகளை 32 பாரன்ஹீட்டு பாகைக்கு மாற்றும் வாய்பாட்டை அங்கு வகுத்தார். ஒளிவிலகலைக் கணக்கிட அழுத்தமும் வெப்பநிலையும் தேவை. அவ்வளவுகளைத் தரப்படுத்த அழுத்தமானியே திருத்தம் பெற வேண்டும். திருத்தத்திற்கும் திருத்தம் தேவைப்படுவதை உணர்ந்த கணக்கராக அவர் விளங்கினார். 1854-இல் பியாரி சாந்த் மித்ராவுடன் சேர்ந்து எளிய வங்காளத்தில் 'மாசிக் பத்திரிகா' என்னும் இதழைத் தொடங்கியதும் அவரே.

சிக்தாரின் பெயர் அடைந்த நிலை தனியே நோக்கத்தக்கது. 1851-இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் கணிதப் பகுதிகளில் அவருடைய பங்கு முதற்பதிப்பின் முன்னுரையில் நன்றியுடன் குறிக்கப்பட்டிருந்தது. அவர் 1870-இல் மறைந்தார். 1875-இல் வெளியான மூன்றாம் பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பட்டது. பகுதிகள் மட்டும் நிலைத்தன. அடுத்த ஆண்டே 'பிரண்ட் ஆஃப் இந்தியா' இதழ் இதனைக் கண்டித்து எழுதியது. 1865-இல் இலண்டன் அரச புவியியற் கழகம் சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயரை ஏற்றது. கணக்கரின் முகம் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது 2004-இல்தான்.

29,002-க்குப் பின்

1880-களிலும் 1902-இலும் டார்ஜிலிங் பகுதி மலைகளிலிருந்து சிகரம் மீண்டும் நோக்கப்பட்டது. மலைமேலுள்ள காற்று மெலிந்தது. ஆகவே அங்கிருந்து செல்லும் கதிருக்குக் கெழு சிறியதாக இருக்க வேண்டும். இதனைக் கருத்தில் கொண்டு சிட்னி பர்ரார்டு பழைய, புதிய நோக்கல்களை மறுபடியும் கணக்கிட்டு, 1905-இல் 29,141 அடி என்னும் மதிப்பைப் பெற்றார். ஒளிவிலகல் குறைவு எனக் கொண்டால் மலை உயர்ந்தது. மலை மாறவில்லை, காற்றைப் பற்றிய கருத்தே மாறியிருந்தது.

பர்ரார்டின் மதிப்பும் நிலைக்கவில்லை. உயரத்தை எந்தப் பரப்பிலிருந்து கணக்கிடுவது என்னும் வினா இடையே எழுந்தது. இமயத்தின் நிறை குத்துக்கோட்டைத் தன்பால் ஈர்ப்பதாலும், கடல்மட்டப் பரப்பு மலைகளின் கீழே உயர்ந்து அமைவதாலும் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது. இத்திருத்தமும் மேம்பட்ட ஒளிவிலகல் கணக்கும் ஒருங்கே அமைந்தது 1952–54-இல் இந்திய நில அளவைத் துறை மேற்கொண்ட பணியில்தான். நேபாளத்திற்குள் அனுமதி கிடைத்தமையால், நிக்கல்சனின் தொலைவில் பாதிக்கும் குறைவான தொலைவிலிருந்து சிகரம் நோக்கப்பட்டது. ஒளிவிலகலின் விளைவு தொலைவின் இருமடியாக வளர்வதால், தொலைவு பாதியானால் பிழை கால்பங்காகக் குறையும். பி. எல். குலாட்டி தலைமையில் பெறப்பட்ட உயரம் 29,028 அடி, அதாவது 8,848 மீட்டர்.

இதனை நோக்க 1856-ஆம் ஆண்டின் 29,002 அடி வியக்கத்தக்க அளவு நெருங்கியுள்ளது. ஆயினும் அந்நெருக்கத்தின் ஒரு பகுதி தற்செயலானது. வாவின் கணக்கில் ஒளிவிலகல் கூடுதலாகக் கொள்ளப்பட்டமை உயரத்தைக் குறைத்தது. கடல்மட்டப் பரப்பின் உயர்வைக் கொள்ளாமை உயரத்தைக் கூட்டியது. எதிர்த் திசையிலமைந்த பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்தன. சரியான விடை சரியான வழிக்குச் சான்றாகாது என்பதை அறிவியல் வரலாறு இங்கு நினைவூட்டுகிறது.

மின்காந்தத் தொலைவளவையில் காற்று

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளவையின் முறையே மாறியது. சுவீடனைச் சேர்ந்த எரிக் பெர்க்ஸ்ட்ராண்டு ஒளியின் வேகத்தை அளக்கும் முயற்சியிலிருந்து ஜியோடிமீட்டர் என்னும் கருவியை உருவாக்கினார். தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி நுண்ணலைகளைக் கொண்டு இயங்கும் டெலுரோமீட்டரை வடிவமைத்தார். அது 1957-இல் அறிமுகமாயிற்று. அலை சென்று திரும்பும் நேரத்திலிருந்து தொலைவு பெறப்பட்டது. சங்கிலி இழுத்து வாரக்கணக்கில் செய்த பணி மணிக்கணக்கில் முடிந்தது.

சங்கிலி நீங்கினாலும் காற்று நீங்கவில்லை. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 299,792,458 மீட்டர். காற்றில் அது பத்தாயிரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு குறைகிறது. இதனைக் கருதாவிடில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் பிழை நேரும். வெப்பநிலையில் 1 செல்சியசு பாகை தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரும், அழுத்தத்தில் 1 மில்லிபார் தவறினால் 0.3 மில்லிமீட்டரும் பிழை சேரும். சென்னைக் கடற்கரையின் காற்றுக்குரிய திருத்தத்தை மாற்றாமல் உதகமண்டலத்தில் அளந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பிறழும். பரங்கிமலையில் சங்கிலிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட வெப்பமானி இப்போது கதிரின் பாதையில் வைக்கப்பட வேண்டியதாயிற்று. காற்றே அளவுச்சங்கிலி ஆனமையே காரணம்.

ஒளிக்கும் நுண்ணலைக்கும் இடையே ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. காற்றிலுள்ள நீராவி ஒளியின் வேகத்தைச் சிறிதே பாதிக்கும். நுண்ணலையின் வேகத்தை அதனினும் ஏறக்குறைய 100 மடங்கு பாதிக்கும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரைகளில் நீராவியின் பங்கு மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் அளவை எட்டக்கூடும். ஆகவே டெலுரோமீட்டரை இயக்கியோர் இரு முனைகளிலும் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைக் கவனத்துடன் நோக்க வேண்டியிருந்தது. மறுபக்கம், நுண்ணலை மூடுபனியையும் புகையையும் ஊடுருவிச் சென்றது. தெளிவும் துல்லியமும் ஒருசேர வாய்ப்பதில்லை என்னும் பழைய நிலை புதிய கருவியிலும் தொடர்ந்தது எனலாம்.

காற்றின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட ஒளிக்கு பேரல், சியர்ஸ் ஆகியோரின் 1939-ஆம் ஆண்டு வாய்பாடும், நுண்ணலைக்கு எஸ்ஸன், புரூம் ஆகியோரின் 1951-ஆம் ஆண்டு வாய்பாடும் நெடுங்காலம் பயன்பட்டன. 1996-இல் சிடோர் வெளியிட்ட கணக்குமுறையை 1999-இல் பன்னாட்டு நிலவடிவியல் கழகம் உயர்துல்லியப் பணிகளுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் வாய்பாடு எவ்வளவு நுண்ணியதாயினும் இரு முனைகளில் அளந்த வெப்பநிலையின் சராசரி, பள்ளத்தாக்கின் மேலே செல்லும் கதிரின் வெப்பநிலைக்கு ஈடாகாது. இரு நிற ஒளியால் ஒரே தொலைவை அளந்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்தே காற்றின் விளைவை அறியும் கருவிகளும் உருவாயின. கலிபோர்னியாவின் நிலநடுக்கப் பகுதியில் அவை நுண்ணிய அசைவுகளைப் பதிவு செய்தன. ஆயினும் அவ்வேறுபாட்டை ஏறக்குறைய 21 மடங்காகப் பெருக்க வேண்டியிருப்பதால் கருவியின் சிறு பிழையும் பெருகிவிடும்.

கோணத்தின் நிலை வேறு. இன்றைய மின்னணு அளவைக் கருவிகள் தொலைவையும் கோணத்தையும் ஒருங்கே அளந்து உயர வேறுபாட்டைத் திரையில் காட்டுகின்றன. அக்கணக்கில் ஐரோப்பிய வழக்கிலான 0.13 அல்லது 0.14 என்னும் கெழு பல கருவிகளில் முன்கூட்டியே பொதிந்துள்ளது. இதன் மூலம் 1820-களில் ஜெர்மனியின் ஹனோவர் நாட்டில் காஸ் மேற்கொண்ட அளவையிலிருந்து வந்தது. குளிர்நாட்டின் காற்றில் கண்ட சராசரி, சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலையை ஒட்டிச் செல்லும் கதிருக்கும் பயன்படுத்தப்படுகிறது. அவ்வேளையில் கெழு எதிர்மறையாகவும் இருக்கக்கூடும். கலாசியின் விளக்கோடும் கணக்கரின் ஏட்டோடும் கண்முன் நடந்த திருத்தம் கருவிக்குள் சென்று மறைந்துவிட்டமையால், அப்படி ஒரு மதிப்பீடு உள்ளது என்பதையே பயன்படுத்துவோர் அறியாமற்போகும் நிலை உண்டாகியுள்ளது.

செயற்கைக்கோள் காலம்

செயற்கைக்கோள் வழி அளவை ஒளிவிலகலிலிருந்து விடுதலை தந்ததாகக் கருதுவதற்கில்லை. வானிலிருந்து வரும் வானொலி அலையும் அதே காற்றைக் கடந்தே வருகிறது. கடல்மட்டத்தில் தலைக்கு நேர்மேலே உள்ள செயற்கைக்கோளின் அலைக்குக் கீழ்வளிமண்டலம் தரும் தாமதம் 2.3 மீட்டர் அளவில் அமையும். தாழ்ந்த கோணத்தில் அது பல மடங்காகும். நீராவியின் பங்கே இங்கும் கணிக்க அரிதாக உள்ளது.

1992-இல் எதிரொளிப்பான்கள் எவரெஸ்டு உச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கீழிருந்து சீரொளிக் கதிரால் தொலைவு அளக்கப்பட்டது. 1999-இல் செயற்கைக்கோள் அளவையால் 8,850 மீட்டர் எனவும், 2005-இல் சீன அளவையால் பாறை உயரம் 8,844.43 மீட்டர் எனவும் அறிவிக்கப்பட்டது. 2019-இல் நேபாளக் குழுவும் 2020-இல் சீனக் குழுவும் சிகரத்தில் ஏறி அளந்தன. 2020 டிசம்பர் 8 அன்று இரு நாடுகளும் இணைந்து 8,848.86 மீட்டர் என்னும் பனியுயரத்தை அறிவித்தன. நிக்கல்சனால் இயலாதுபோன ஒன்று, அதாவது உச்சியிலும் ஒரு கருவியை நிறுத்துவது, இவ்வாறு நிறைவேறியது.

முடிவுரை

இந்திய நில அளவையில் ஒளிவிலகல் திருத்தம் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. முதல் நிலையில் எதிரெதிர் நோக்கலாலும் வேளையைத் தேர்ந்துகொள்வதாலும் அது கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டாம் நிலையில் எதிரெதிர் நோக்க இயலாத பனிச்சிகரங்களுக்குக் காற்றின் இயல்பை மதிப்பிட வேண்டியிருந்தது. 29,002, 29,141, 29,028 என்னும் எண்கள் அம்மதிப்பீட்டின் மாற்றத்தைக் காட்டும் தடங்கள். மூன்றாம் நிலையில் அலையே அளவுகோலானபோது வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவை அளவையின் உறுப்புகளாயின.

நோக்கல்கள் தம்முள் ஒத்திருப்பது மட்டும் முடிவை மெய்ப்பிக்காது என்பதும், நெருங்கிய விடையும் பிழைகளின் ஈடுசெய்தலால் அமையலாம் என்பதும் இவ்வரலாற்றால் அறியப்படுகின்றன. நோக்கியவர், விளக்கேற்றியவர், கணக்கிட்டவர் ஆகிய மூவரும் சேர்ந்தே ஓர் உயரத்தை உருவாக்கினர். வரைபடத்தில் எண்ணும் சிகரத்தின் பெயரும் நின்றன. காற்றைக் கணக்கிட்டவரின் பெயர் கையேட்டிலிருந்தும் நீக்கப்பட்டது. நில அளவை ஆவணங்களை ஆராய்வோர் எண்களோடு அவற்றின் திருத்தப் பட்டியல்களையும் தேடிப் படிக்க வேண்டும். கணக்கு அறைகளில் உழைத்த இந்தியர்களின் அறிவுப் பங்களிப்பு அப்பட்டியல்களிலேயே பெரிதும் பதிந்துள்ளது.